எண்ணெய் வைக்காத தட்டு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டி உட்காருங்கள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தவர்கள் போய் அணைத்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்களின் கதையைச் சொல்லப்போகிறேன். இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. வளர வேண்டிய இடத்தில் ஒரு பூசணம் வளராமல் போனதால் அந்தப் பகை எங்கே போய் முட்டியது என்பதுதான் கதை. கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அந்த வீட்டில் அப்படி நடக்காது.

அண்ணன் தம்பி இருவர். அப்பா விட்டுப்போன ஒரு துண்டுச் சரிவு நிலமும், ஆள் உயரத்துக்கு ஒரு செம்புக் கலனும் அவர்களுக்குச் சொத்து. கலனில் இலையைத் திணித்து, அடியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டால், ஆவி இலைக்குள் புகுந்து வாசனையை உருவிக்கொண்டு குழாய் வழியே போகும். குளிர்ந்த தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் அந்தக் குழாயின் மறுமுனையில் தண்ணீராய்ச் சொட்டும். அந்தத் தண்ணீரின் மேல் நகக் கனத்துக்கு ஒரு படலம் மிதக்குமே, அதுதான் எண்ணெய். ஒரு மூட்டை இலைக்கு ஒரு கரண்டி தேறினால் பெரிது.

அண்ணன் மனைவியை மூத்தவள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கல்யாணமாகி வரும்போது ஈரச் சாக்கில் சுற்றி எலுமிச்சைப்புல் கிழங்கு கொண்டுவந்தாள். பதினெட்டு வருடமாக அதே புல். அதன் ஓரம் கத்தி மாதிரி அறுக்கும். அவள் உள்ளங்கையில் ரேகை எது, புல் கிழித்த தழும்பு எது என்று தெரியாது. தம்பி மனைவி இளையவள் வந்து ஆறு வருடம். அவள் கொண்டுவந்தது ஊசி இலை ரோஸ்மேரிப் பதியன். நிலத்தைப் பாதியாக்கி அவளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது ஆண்கள். இழந்தது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலத்தைப் பிரித்தார்கள், கலனைப் பிரிக்க முடியுமா? மூத்தவள் முதலில் வடிப்பாள், இரண்டு நாள் கழித்து இளையவள். மூன்று முறை சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும் தன் எண்ணெயில் புல் வாடை அடிக்கிறது என்று இளையவள் குறை சொல்வாள். அவள் எண்ணெயில் எந்த வாடையுமே இல்லை, அதனால்தான் என் வாடை தெரிகிறது என்று மூத்தவள், கலனைப் பார்த்துச் சொல்வாள். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அபூர்வம். சுவரிடமும் கலனிடமும் பூனையிடமும்தான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பூனைக்குத் தெரியாத குடும்ப ரகசியம் கிடையாது.

போன மழைக்காலத்தின் கடைசியில் பேச்சு சுவரைத் தாண்டியது. வீட்டில் துணி வைக்கிற மர அலமாரி ஒன்றே ஒன்று. மேல்தட்டு மூத்தவளுக்கு, கீழ்த்தட்டு இளையவளுக்கு. மூத்தவள் தன் தட்டில், மூடி லேசாகத் திறந்த புல் எண்ணெய்ப் புட்டி ஒன்றை வைத்திருந்தாள். ஏன் வைத்தாள் என்றால், பூச்சி வராமல் இருக்க என்பாள். இளையவளுக்கு எரிச்சல் வரட்டும் என்பதும் உண்டு. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. இளையவளின் கல்யாணத் துணி முழுக்கப் புல் வாடை. ஒரு விருந்துக்குப் போன இடத்தில் யாரோ ஒருத்தி, தரை துடைக்கிற திரவம் என்ன போடுகிறீர்கள் என்று அவளிடம் கேட்டுவிட்டாள். வீடு வந்தவள் அந்தப் புட்டியை எடுத்து வாசல் படியில் அடித்தாள். ஒரு கரண்டி எண்ணெய்க்கு ஒரு மூட்டை புல் என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? அரைப் புட்டி நிறைய எண்ணெய். அந்தப் படிக்கட்டில் மூன்று மாதம் எறும்பு ஏறவில்லை.

அந்த மழையில் தெருவில் எல்லார் வீட்டுத் துணியும் பூசணம் பூத்தது. செருப்பு பூத்தது, பெல்ட் பூத்தது, சுவரில் மாட்டின கடிகாரத்தின் முதுகுகூடப் பூத்தது. இவர்கள் அலமாரியில் மட்டும் ஒரு புள்ளி இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. சண்டை போடுகிறவர்களுக்கு நல்லதைக் கவனிக்க நேரம் ஏது?

இப்போது நாத்தனாரைக் கூட்டிவருகிறேன். அண்ணனுக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா, நடுப்பிள்ளை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படித்தவள். பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சோதனைக்கூடம் அவள் பொறுப்பு. கண்ணாடித் தட்டுகளில் பூசணத்தை வளர்த்து, எதற்கு அது சாகிறது என்று பார்ப்பது வேலை. குடும்பத்தில் அவளுக்குப் பெயர் பூசணக்காரி. சாப்பிட உட்கார்ந்தால் அதைத் தவிர வேறு பேச்சு வராது. "எண்ணெய் வைக்காத தட்டு ஒண்ணு கூடவே இருக்கணும். அதுல பூசணம் செழிப்பா வளரணும். அது வளந்தாத்தான் மத்த தட்டுல வளராதது எண்ணெயோட வேலைனு சொல்ல முடியும்" என்று வருடக்கணக்காகச் சொல்லி, எல்லாருடைய சாப்பாட்டையும் ஆறவைத்தவள்.

அந்தத் தொழிற்சாலைக்கு இரண்டு தலைவலி. கிடங்கில் அடுக்கின அட்டைப்பெட்டிகள் மழை வந்தால் பூசணம் பூக்கின்றன. பிஸ்கட்டில் போடுகிற கொழுப்பு காற்றுப்பட்டு நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கிறது. இரண்டையும் செடி எண்ணெயால் தடுக்க முடியுமா பார் என்று மேலாளர் கேட்டார். இவள் தன் வீட்டுக் கலனைப் பற்றிச் சொன்னாள். அவர், எது சரி வருகிறதோ அந்த ஒரே எண்ணெயை வருடம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம், நிலம் முழுக்க அதையே போடச் சொல் என்றார்.

அண்ணனும் தம்பியும் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்கள். சோதனையில் ஜெயிக்கிற செடி இருக்கும், தோற்ற செடியைக் கிழங்கோடு பிடுங்குவது. சண்டையும் ஓயும், கலனைக் கழுவுகிற வேலையும் மிச்சம். இந்த யோசனை சொன்ன இருவரும் அந்தக் கலனை ஒருநாளும் கழுவினவர்கள் இல்லை.

மூத்தவள் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. வேறு உறவும் பெரிதாக இல்லை. அந்தப் புல்தான் அவள் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது. அதைப் பிடுங்கினால் பதினெட்டு வருடம் இங்கே என்ன செய்தாய் என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. இதை அவள் பூனையிடம்கூடச் சொல்லவில்லை.

நாத்தனாருக்கும் மூத்த அண்ணிக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகாது. நாத்தனார் படித்த காலத்தில் அவள் புத்தகத்தை எடுத்து, கரிச்சட்டி இறக்கப் பிடிதுணியாக்கினாள் அண்ணி என்று ஒரு பழைய வழக்கு. அதனால் சோதனை முடிந்து, காகிதத்தை எடுத்துவந்து கூடத்தில் நின்று படித்தபோது, நாத்தனாரின் குரலில் துக்கம் ஒன்றும் இல்லை. பூசணச் சோதனையில் இரண்டு எண்ணெயும் சமம், இரண்டு தட்டிலும் ஒரு முளை இல்லை என்றாள். அடுத்தது ஊதாச் சோதனை. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கரைசல் இருக்கிறதாம். அதில் எண்ணெயை விட்டால், காற்றுப்பட்டுக் கெடுவதைத் தடுக்கிற சக்தி எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகுமாம். ரோஸ்மேரி விட்டது முக்கால்வாசி மஞ்சள். புல் எண்ணெய் விட்டது அப்படியே ஊதா. ஆக, ரோஸ்மேரி. திங்கட்கிழமை புல்லைப் பிடுங்கிவிடலாம் என்றான் தம்பி.

இளையவள் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக, மூத்தவளுக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

மூத்தவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் மெதுவாக. அந்தக் காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். வெள்ளிக்கிழமை படித்தாள், சனிக்கிழமை காலையில் மறுபடி படித்தாள். புல் எண்ணெய்த் தட்டு, ரோஸ்மேரித் தட்டு என்று இரண்டு வரி இருந்தது. வருடக்கணக்காகச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கின அந்த மூன்றாவது தட்டு அதில் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே போகிறாள் என்று தெரிந்ததும் இளையவளும் பின்னாலேயே கிளம்பினாள். தனியாக விட்டால் தட்டில் எச்சில் துப்பிவிட்டு வந்துவிடுவாள் என்று பூனையிடம் காரணம் சொன்னாள். தெருவின் இந்த ஓரம் ஒருத்தி, அந்த ஓரம் ஒருத்தி, அரை மணி நேரம் நடந்தார்கள்.

சோதனைக்கூடம் ஒரு சின்ன அறை. வெள்ளை ஓடு பதித்த மேடை, கழுவுகிற தொட்டி, மூலையில் குளிர்பெட்டி அளவுக்கு ஓர் அலமாரி. இந்த அலமாரி குளிர்விக்காது. பூசணத்துக்குப் பிடித்த மாதிரி இளஞ்சூடாக வைத்திருக்கும். நாத்தனார் வெள்ளை அங்கியில் நின்றுகொண்டிருந்தாள். இருவரையும் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், பூசணத்தையே அவள் இன்னும் அன்பாகப் பார்ப்பாள் என்று தோன்றும்.

"எண்ணெய் வைக்காத தட்டு எங்கே?" என்றாள் மூத்தவள்.

நாத்தனார் குழாயைத் திறந்து கை கழுவினாள். ஏற்கெனவே கழுவின கை.

"சோறு ஆறிப்போக ஆறிப்போகச் சொன்னியே. எங்கே அது?"

அது குப்பைத் தொட்டியில் கிடந்தது. மூத்தவள் கேட்டதும் எடுத்துக் கொடுக்க நாத்தனாருக்கு மனசில்லை. கொடுக்காமல் இருக்கவும் படிப்பு விடவில்லை. எடுத்து மேடையில் வைத்தாள். கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. நடுவில், மற்ற தட்டுகளில் எண்ணெய் விடுகிற வட்டக் காகித வில்லை, இதில் வெறுமையாக. சுற்றிலும் ஒன்றுமே இல்லை.

விதைத்த பூசணம் பழசு, உயிர் இல்லாமல் போயிருக்கும், அதனால் ஒன்றும் குடி முழுகவில்லை என்று நாத்தனார் தொட்டியைப் பார்த்துச் சொன்னாள். மேலாளர் அவசரப்படுத்தினார், திரும்பச் செய்ய இன்னும் ஐந்து நாள் ஆகும் என்றும் சொன்னாள்.

"அப்போ செத்த பூசணத்தைக் கொன்னதுக்கா என் புல்லைப் பிடுங்கச் சொல்ற?"

நாத்தனாருக்குக் காது சிவந்துவிட்டது. அதே பூசணக் கையிருப்பை எடுத்து முந்தாநாள் ஒரு ரொட்டித் துண்டில் தடவிப் பார்த்தவள் அவள்தான். அன்று காலையில் அது முளை விட்டிருந்தது. பூசணம் சாகவில்லை என்று அவளுக்குத் தெரியும். பின்னே ஏன் வளரவில்லை என்பதுதான் தெரியவில்லை. அதை யாரிடமும் கேட்க முடியாமல் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டாள். தெரியாது என்று சொல்ல வராதவர்கள் செய்கிற காரியம்தான். நம் வீடுகளிலும் பார்த்திருக்கிறோம்.

தட்டுகளை எங்கே வைத்தாய் என்று மூத்தவள் கேட்டாள். நாத்தனார், இது என்ன விசாரணையா என்கிற முகத்தோடு அந்த அலமாரியைத் திறந்தாள். திறந்ததும் எலுமிச்சைப்புல் வாடை மூன்று பேர் முகத்திலும் அறைந்தது. தட்டுகளை வெளியே எடுத்து இரண்டு நாள் ஆகிவிட்டது, வாடை மட்டும் போகவில்லை.

இளையவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கை மூக்குக்குப் போனதைப் பார்த்ததும்தான் மூத்தவளுக்குப் பொறி தட்டியது. வீட்டில் அந்தப் புட்டி இருந்த நாளில், அலமாரியைத் திறக்கிற போதெல்லாம் இளையவள் செய்த அதே வேலை.

"எல்லாத்தையும் ஒரே அலமாரியிலயா வச்ச?" என்றாள்.

இருப்பது ஒன்றுதான், அதுவும் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என்றாள் நாத்தனார். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தட்டு மூடி இறுக்கமாக மூடாது, காற்று போய்வரத்தான் செய்யும் என்பது அவளுக்குத் தெரியாததா? வில்லையில் வைத்த எண்ணெய் அந்த வில்லையிலேயே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தாள். புல் எண்ணெய் உட்காராது. எழுந்து, மூடி இடுக்கில் புகுந்து, பக்கத்துத் தட்டுக்குப் போய், அங்கேயும் பூசணத்தின் கழுத்தை நெரித்துவிட்டு வந்திருக்கிறது. ரோஸ்மேரியின் தட்டிலும் அதுதான் வேலை செய்தது. வெறும் தட்டிலும் அதுதான்.

"என் துணியில பூசணம் வராததும் உங்க புட்டியாலனு சொல்ல வர்றீங்களா அக்கா?" என்றாள் இளையவள். அந்த அக்காவில் முள் இருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்ற."

திரும்பச் செய்யச் சம்மதித்தாள் நாத்தனார். அண்ணிக்காக இல்லை. குப்பையிலிருந்து எடுத்த அந்தத் தட்டு மேடையில் இருக்கும்வரை அவளால் வேறு பக்கம் பார்க்க முடியவில்லை. மூன்று இறுக்கமான டப்பா, மூன்று வெவ்வேறு அறை, வெயில் நாள் என்பதால் இளஞ்சூட்டுக்கும் குறையில்லை. புல் எண்ணெய் சோதனைக்கூடத்தில், ரோஸ்மேரி பெட்டி ஒட்டுகிற கூடத்தில், எண்ணெய் வைக்காத தட்டு வாசல் காவலாளியின் அறையில். வைத்துவிட்டுத் திரும்பினபோது மூத்தவள் காவலாளியின் பக்கத்தில் போய் இழுத்து மோந்து பார்த்தாள். மனுஷன் நடுங்கிப்போனார். முட்டிவலிக்குத் தைலம் தடவியிருந்தார். அந்த டப்பாவை எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொன்னாள். மோந்து பார்த்த சங்கதி அன்று சாயங்காலமே ஊரெல்லாம் பரவிவிட்டது, அவள் கவலைப்படவில்லை.

திங்கட்கிழமை பிடுங்குவது தள்ளிப்போனது. அந்த ஐந்து நாளும் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. இளையவள் வைத்த குவளையை மூத்தவள் தள்ளிவைப்பாள். மூத்தவள் துவைத்துப் போட்ட கொடியில் இளையவள் ஒரு துணி போடமாட்டாள். அண்ணனும் தம்பியும் சாப்பிட்ட கையோடு வெளியே போய்விடுவார்கள்.

ஆறாம் நாள் மூன்று தட்டையும் மேடையில் வரிசையாக வைத்தாள் நாத்தனார். எண்ணெய் வைக்காத தட்டில் பூசணம் கறுப்புக் கம்பளி மாதிரி மொத்தமாகப் படர்ந்திருந்தது. ரோஸ்மேரித் தட்டில் வில்லையைச் சுற்றி நகக்கண் அளவு இடம் விட்டுவிட்டு, மீதி எல்லாம் தாடி. புல் எண்ணெய்த் தட்டில் ஒன்றுமில்லை.

நாத்தனார் புதிய காகிதத்தில் எழுதினாள். இந்தத் தடவை மூன்று வரி. முதல் காகிதம் தவறு, தவறு என்னுடையது என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேலாளரிடம் தானே கொண்டுபோனாள். அண்ணியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாளா என்றால், இல்லை. காகிதத்தில் எழுதினாள், அவ்வளவுதான். மழை நெருங்குகிறது, கிடங்குதான் முதல் கவலை, புல் எண்ணெயே எடுத்துக்கொள்கிறோம் என்றார் மேலாளர்.

தீர்மானம் தீர்மானம்தான் என்றார்கள் அண்ணனும் தம்பியும். அடுத்த திங்கட்கிழமை ரோஸ்மேரியைப் பிடுங்குவது.

திங்கள் விடிந்து மூத்தவள் சரிவுக்குப் போனபோது இளையவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். தானே பிடுங்கிக்கொண்டிருந்தாள். மூத்தவள் கை படுவதற்குள் தன் கையால் முடித்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறாள். ஐந்து செடி வேரோடு கிடந்தன. ஆறாவதை இழுத்துக்கொண்டிருந்தாள், ஆறு வருட வேர் அவ்வளவு சுலபமாக வரவில்லை. முகம் முழுக்க மண். அழுதிருந்தாளா என்று மண்ணில் தெரியவில்லை.

மூத்தவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பதினெட்டு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வெற்றி. ஆனால் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் எழுத்துக் கூட்டிப் படித்த அந்த முதல் காகிதம் மனதைவிட்டுப் போகவில்லை. அதில் பூசண வரி பொய். ஊதா வரி பொய் இல்லை. அது திறந்த மேடையில், தனித்தனிக் குப்பியில் வெளுத்தது என்று காகிதத்திலேயே எழுதியிருந்தது.

"நிறுத்து" என்றாள்.

"உங்க தயவு எனக்கு வேணாம்."

"தயவு யாரு தந்தா? ஊதாவுல நீதான் ஜெயிச்ச. அங்க என் வாடைக்கு வேலை இல்ல. தட்டுல என்னை ஏமாத்தினப்போ நான் கேட்டேன். இப்போ நானே ஏமாத்தினா யாரு கேக்கறது?"

இளையவள் செடியை விடாமல் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவீங்க."

"காட்டுவேன்" என்றாள் மூத்தவள். "கண்டிப்பா காட்டுவேன். செடியை விடு."

வீட்டுக்கு வந்து ஆண்கள் இருவரிடமும், ரோஸ்மேரியில் மண்வெட்டி பட்டால் இனி இந்தக் கை புல் அறுக்காது, தொழிற்சாலைக்கு நீங்களே கையைக் கிழித்துக்கொள்ளுங்கள் என்றாள். இருவரும் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரோஸ்மேரியைப் பற்றிய பேச்சு எழவில்லை. தொழிற்சாலைக்குக் குறையாமல் இருக்க, சரிவின் கீழே சும்மா கிடந்த கரையில் மூத்தவள் புதிதாகப் புல் வைத்தாள். இளையவள் தன் எண்ணெயைத் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் செய்பவர்களுக்குக் கொடுத்து வந்தாள். பிடுங்கின ஐந்து குழியும் அப்படியே இருந்தன. அவற்றில் யார் நடுவது என்று இருவருக்கும் புதுச் சண்டை.

மழை வந்தது. புட்டி உடைந்த அன்றிலிருந்து மூத்தவள் அலமாரியில் எதையும் வைக்கவில்லை. வைத்தால்தானே உடைப்பாய் என்று இருந்தாள். இரண்டாம் வாரம் இளையவளின் துணி மடிப்புகளில் சாம்பல் புள்ளி பூத்தது. மூத்தவளின் துணியிலும்தான். வெயிலில் உலர்த்தினார்கள், தேய்த்தார்கள், மறுபடி பூத்தது.

ஒரு நாள் மதியம் மூத்தவள் வயலிலிருந்து வந்து அலமாரியைத் திறந்தாள். எலுமிச்சைப்புல் வாடை அடித்தது. கலன் பக்கத்திலிருந்து எடுத்துவந்த ஒரு சின்னப் புட்டி இருந்தது. அவளுடைய மேல்தட்டில் இல்லை. கீழ்த்தட்டில், இளையவளின் கல்யாணத் துணிக்கு நடுவில். மூடி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

மூத்தவள் அதைத் தொடவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு அடுக்களைப் பக்கம் போய், இந்த வீட்டில் திருட்டு அதிகமாகிவிட்டது என்று பூனையிடம் உரக்கச் சொன்னாள். உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாக வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. புட்டி காலியாகும்போதெல்லாம் மூத்தவள் யாருக்கும் தெரியாமல் நிரப்பிவைத்தாள். நிரப்புவது யார் என்று இளையவள் கேட்டதே இல்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், கால் மரத்துப்போயிருக்கும். உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு மழைக்கும் பூசணம் பூக்காமல் இருக்கட்டும். உங்கள் ஜாடியில் ஊற்றிவைத்த எண்ணெய் கடைசிச் சொட்டுவரை வாடை மாறாமல் இருக்கட்டும். உங்கள் கூடத்தில் சண்டை வந்தால் பொய் கலக்காத சண்டையாக வந்து, விளக்கு வைப்பதற்குள் ஓயட்டும். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நன்றாக இருங்கள்.